நடுங்காத வண்டி

லக்கிடி டாக்ஸி ஸ்டாண்டில் எங்கள் எல்லோருக்கும் டெஸ்ஸி பெயர் வைத்திருக்கிறாள். கையால் வைத்த பெயர்கள். மேலுதட்டில் விரலால் ஒரு முறுக்கு முறுக்கினால் அது நான், மீசைக்காரச் சந்திரன். புறங்கையால் மூக்கைத் துடைத்தால் ஒர்க்‌ஷாப் அவறான். அவன் மூக்கில் கிரீஸ் இல்லாத நாளே கிடையாது. கன்னத்தில் ஒரு விரலை அழுத்தினால் அவள் புருஷன் ரோய். அந்தக் கன்னக்குழிக்காகத்தான் கட்டிக்கொண்டேன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பிறவியிலேயே அவளுக்குக் காது கேட்காது. பேச்செல்லாம் கையால்தான், ஸ்டாண்டில் எங்களுக்கும் அது பழகிவிட்டது. லைசென்ஸுக்கு அவளை அலையவிட்ட கதையைச் சொன்னால் எனக்கு இப்போதும் வாயில் நல்ல வார்த்தை வராது, விடுங்கள். வாங்கிவிட்டாள். பழைய டீசல் கார் ஒன்றை வாங்கி ஸ்டாண்டில் போட்டாள். லக்கிடியிலிருந்து கீழே இறங்கும் இந்தச் சுரத்தில், இந்த மலைப்பாதையில், அவளைப் போல வண்டி இறக்குகிறவர்கள் குறைவு. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இன்ஜினின் நடுக்கம் சீட்டிலும் ஸ்டீயரிங்கிலும் ஏறி வரும், அதை உடம்பால் வாங்கிக்கொள்வாள். கியர் விழுந்ததா, இன்ஜின் திணறுகிறதா, எல்லாம் உள்ளங்கையில் தெரியும். இன்ஜின் வேகம் காட்டும் முள் அவள் வண்டியில் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.

பாக்கு மரத்திலிருந்து விழுந்து ரோய்க்கு முதுகெலும்பு ஒடிந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் அவனைக் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோக வேண்டும். வேறு வண்டி பிடிக்கலாமே என்று அவன் அண்ணன்மார் வந்து பேசினார்கள். டெஸ்ஸி நெஞ்சில் தட்டிக்கொண்டாள்.

“என் புருஷனை நான்தான் இறக்குவேன். வேற எவனும் தொட வேணாம்.”

அவனைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும் என்று என்னை மட்டும் கூட்டிக்கொண்டாள். நான் முன்சீட்டில். ரோய் பின்சீட்டில் சாய்ந்து படுத்து, வாயில் ஒரு துண்டை வைத்துக்கொள்வான். தூசிக்கு என்பான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் இன்ஜின் மவுண்டிங் கிழிந்தது. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற சாமான் அது. அவறான் கைக்கு ஒன்றாக இரண்டு மவுண்டிங்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். டெஸ்ஸி அவன் உதட்டைப் பார்த்தாள்.

“மோளே, இது கட்டி ரப்பர். யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா நடுக்கம் அப்படியே மேலே ஏறும். இது ஹைட்ராலிக். உள்ளே எண்ணெய் மாதிரி ஒண்ணு இருக்கு, நடுக்கத்தை அதுவே முழுங்கிடும். ஆனா சீக்கிரம் போயிடும். எது வேணும்?”

காருக்குள்ளிருந்து ரோய் சொன்னான். “ரப்பரே போடு அவறானே. அதான் அவளுக்குப் பழக்கம்.”

டெஸ்ஸி பின்கதவைத் திறந்து அவன் மடியிலிருந்த துண்டை உருவி எங்கள் முன்னால் விரித்துக் காட்டினாள். வரிசையாகப் பல் பதிந்திருந்தது. சில இடத்தில் கிழிந்தேவிட்டது.

“தூசியாம் தூசி. தூசிக்கு இப்படிக் கடிப்பியா?” அவள் கை படபடவென்று பேசியது. “ரோடு பிளாக்குல வண்டி நின்னு நடுங்கும்போதெல்லாம் நீ என்ன பண்றேன்னு கண்ணாடியில பார்க்கலேன்னு நெனச்சியா? ஹைட்ராலிக் போடு.”

ரோய்க்கும் கோபம் வந்தது. “எடீ, நடுக்கம் போயிட்டா நீ இன்ஜினை எப்படிக் கேப்பே? என் முதுகு வலிச்சா வலிச்சுட்டுப் போகுது. நீ கேக்காம ஓட்டினா மூணு பேரும் பள்ளத்துல கிடப்போம்.”

“எனக்குக் கண்ணு இருக்கு.”

“வளைவுல எத்தனை இடத்துலடி பார்ப்பே?”

அவறான் என்னைப் பார்த்தான். “புருஷன் பொண்டாட்டி சண்டையில நான் எந்தப் பக்கத்து போல்ட்டை முடுக்கறது சந்திரா?”

டெஸ்ஸி முடித்துவைத்தாள். “வண்டி என் பேர்ல இருக்கு.”

ஹைட்ராலிக்தான் ஏறியது. அடுத்த செவ்வாய்க்கிழமை மழையும் மூடுபனியும். கீழிருந்து எண்ணினால் எட்டாம் வளைவில் மர லாரி ஒன்று சிக்கிக்கொண்டு வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. இன்ஜினை அணைக்கவும் முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முன்பென்றால் அந்த நேரம் மிக்ஸி மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அன்று வண்டி அசையவே இல்லை. பின்னால் பார்த்தால் ரோய் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். டெஸ்ஸி கண்ணாடியில் அதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அவள் இடது கை சும்மா இல்லை. கியர் மேல் வைத்து அழுத்துவாள், எடுத்துச் சுடிதாரில் துடைப்பாள், மறுபடி வைப்பாள்.

“கை மரத்துப்போன மாதிரி இருக்கு” என்றாள்.

“பழகிடும்” என்றேன். சொல்வதற்கு எனக்கென்ன, காது கேட்கிறவன்.

லாரி நகர்ந்தது. வழி விட்டது. ஆறாம் வளைவுக்கு முந்தைய இறக்கத்தில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றினாள். கியர் விழவில்லை. பழைய ரப்பராக இருந்திருந்தால் கிளட்சை விட்ட கணமே அவளுக்குத் தெரிந்திருக்கும். இப்போது எதுவும் மேலே வரவில்லை. விழுந்துவிட்டது என்று நம்பிக் கிளட்சை விட்டாள். இன்ஜின் சத்தம் அடங்கிப் போனதை நான் கேட்டேன். பிடிப்பு விட்ட வண்டி வேகம் எடுத்தது. அவள் பிரேக்கை மிதித்தாள். ஈர ரோட்டில் டயர் வழுக்கியது. கீழே வளைவுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன்.

“கியர்! கியர்!” என்று நான் கத்தினேன். மடையன், யாரிடம் கத்துகிறேன்? கையால் சொல்லலாம் என்றால் அவள் கண் வளைவில் இருக்கிறது. அதை என் பக்கம் திருப்பினால் தொலைந்தோம். நானே கியரைப் பிடித்து இழுத்தால் அவள் கையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பஸ்ஸின் விளக்கு பனியில் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்தது. 

அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்தது. என் கத்தலில் விழித்த ரோய், பிடித்துத் தூக்காமல் எழ முடியாதவன், எப்படித்தான் எழுந்தானோ, அவள் இடது தோளில் முஷ்டியால் ஓங்கி இரண்டு குத்து குத்தினான். டெஸ்ஸி தலையைத் திருப்பாமலே புரிந்துகொண்டாள்: இடது கை, கியர். அவள் கை கியருக்குப் போனது. மிதித்து, தள்ளி, இரண்டாவதில் அறைந்தாள். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு நின்ற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தது. பஸ் உரசாத குறையாக மேலே போனது. ஜன்னலோரத்தில் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

ரோடு அகலமான இடத்தில் அவள் ஓரம் கட்டினாள். ரோயின் முகத்தில் ரத்தமே இல்லை. துண்டு மறுபடி வாயில். அவன் முதுகுக்காக வாங்கிய சாமான் அந்த முதுகை என்ன செய்துவிட்டது பாருங்கள். டெஸ்ஸி இறங்கிப் பின்கதவைத் திறந்து, மழையில் மண்டியிட்டு அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழும்போது சத்தம் வரும். அது அவளுக்குத் தெரியாது.

ரோய் துண்டை எடுத்துவிட்டு, கையால் சொன்னான். “தூங்கினேன்டி. நல்லாத் தூங்கினேன்.”

 மீதி இறக்கம் முழுவதும் அவள் வண்டியை இரண்டாம் கியரிலேயே இறக்கினாள்.

மறுநாள் அவறானின் ஒர்க்‌ஷாப்பில் அவளே போய்க் கட்டி ரப்பரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். ரோய்க்கு நிம்மதி. “அதான் நான் முதல்லயே சொன்னேன். நான் கடிச்சுக்கறேன், நீ ஓட்டு.”

அவள் தலையசைத்து மறுத்தாள். பிறகு மேலுதட்டில் விரலை வைத்து முறுக்கினாள்.

“அவரு வண்டியில போ. அதுல ஹைட்ராலிக் இருக்கு.”

 அவறான் தரையைப் பார்த்தான். நான்தான் இறக்குவேன் என்று நெஞ்சில் தட்டிக்கொண்டவள் அவள்.

“ஊர்ல எல்லாரையும் நான் இறக்குவேன்” என்றாள். “உன்னை மட்டும் என்னால முடியாது.”

 நான் திரும்பிக்கொண்டு மவுண்டிங் விலையைப் பற்றி அவறானிடம் ஏதோ சண்டை போட்டேன்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை என் வண்டியில் புறப்பட்டோம். டெஸ்ஸி ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கியர் மேல் கை வைத்துப் பார்த்தாள். டாஷ்போர்டில் வைத்துப் பார்த்தாள். கைக்கு எதுவும் ஏறி வரவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். உச்சியிலிருக்கும் ஒன்பதாம் வளைவிலேயே என் தோளில் ஒரு அடி விழுந்தது.

“பிரேக்கை மட்டும் மிதிச்சா எப்படி? கியரைக் குறைங்க.”

முப்பது வருஷமாக இறக்குகிறேன். குறைத்தேன்.

கொஞ்ச தூரத்தில் பிளாக். ரோய் தூங்கிவிட்டான். இத்தனை நாள் அவள் அவனைக் தலைக்கு மேல் இருக்கும் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறாள். இப்போது சீட்டில் முழுக்கத் திரும்பி உட்கார்ந்து, பிளாக் விடும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு அவள் மடியில் மடித்தபடி, ஈரம்படாமல் இருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சந்திரேட்டா, உங்க வண்டி சுத்தச் செவிடு” என்றாள். மறுபடியும் பின்னால் ஒரு தடவை பார்த்தாள். “இருந்துட்டுப் போகட்டும். அவன் தூங்கறான்.”