அம்மாவின் டின்

வெளிக்குப் போவதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. இந்த வயதிலும் அதை எழுதக் கை கூசுகிறது. அம்மா ‘மரத்துப் பக்கம்’ என்றுதான் சொல்வாள். கிள்ளானுக்கு அருகே எங்கள் ரப்பர் தோட்டத்தில், கூலிகளின் லயத்து வீடுகளுக்குப் பின்னால் துரை புதிதாகக் கக்கூஸ் கட்டியிருந்தார். ஆண்கள் பார்க்க அதற்குள் நுழையக் கூசி, பெண்கள் விடியுமுன்பே ரப்பர் மரங்களுக்குள் போய்வந்தார்கள். பிறகு அதே மண்ணில் வெறுங்காலோடு நின்று பால் எடுக்க மரம் சீவினார்கள்.

ஒருநாள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர், வீட்டுக்கு வீடு மூடி போட்ட சின்ன டின்களைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அவரவர் மலத்தை அதில் கொண்டுவர வேண்டும். மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறி ரத்தத்தைக் குடிக்கும் கொக்கிப்புழு வயிற்றில் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அப்பா சிரித்தார். அம்மா தன் டின்னைத் தொடவே இல்லை.

“இதப் போயி அந்தாளு கையில எப்படிக் குடுக்கறது? நாளைக்கு அவரு மூஞ்சில முழிக்க வேணாமா?”

“குடுக்காதவங்க பேர எல்லாரு முன்னாலயும் கூப்புடுவாங்களாம்” என்றார் அப்பா.

விடிகாலையில் அம்மா என்னைத் தனியே அழைத்தாள். “ஒன் டின்னு, என் டின்னு, ரெண்டுலயும் நீயே போட்டுரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாது.”

எனக்கு எட்டு வயது. சில வாரங்களுக்கு முன்புதான் காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பூச்சி மருந்தும் கொடுத்திருந்தார்கள். அம்மா பெரியவளிடம் பேசுவதுபோல என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சொன்னபடி செய்தேன்.

அப்பாவுக்குப் பூச்சி இருந்தது. மருந்தைக் குடித்துவிட்டு அவர் நாள் முழுக்கக் கக்கூஸுக்கு நடந்ததைப் பார்த்து அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னைப் போலவே அவளுக்கும் ஒன்றுமில்லை என்று வந்திருந்தது.

மழைக்காலத்தில் அம்மா முழுகாமல் இருந்தாள். பால்வாளியைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. பாதம் வீங்கியது. அடுப்பு மண்ணைக் கிள்ளித் தின்றாள். கங்காணி சோம்பேறி என்று ஏசினார். அப்பா அவளை டிரெசரிடம் அழைத்துப்போனார்; நானும் போனேன். டிரெசர் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

“ரத்தமே இல்லையேம்மா. பூச்சிதான்னு சொல்லலாம். ஆனா ஒங்க டின்னு சுத்தமால்ல இருந்துச்சு?”

அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, “ஆமாங்க” என்றாள்.

அவர் ஏதோ சத்து மருந்து கொடுத்தனுப்பினார்.

பிறந்த பிள்ளை அழவில்லை. அம்மா மறுநாள் விடியும்வரைதான் இருந்தாள்.

லயத்துப் பெண்கள் அவளைக் குளிப்பாட்டும்போது, “கடைசி வரைக்கும் மானமா இருந்துட்டுப் போயிட்டா” என்று பேசிக்கொண்டார்கள். அப்பா என்னை மடியில் இழுத்து உட்காரவைத்துக் கேட்டார்.

“ஒங்கம்மா ஒங்கிட்ட எதாச்சும் சொன்னாளா?”

“இல்லப்பா” என்றேன். கொடுத்த வாக்கை நான் காப்பாற்றியதை அம்மா எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற பெருமையில், அன்று எனக்கு அழுகைகூடச் சரியாக வரவில்லை.