ஸ்கோர் சொல்லாத கடை

பினாங்குக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒரு சின்ன விஷயம். அமெரிக்கக் கூடைப்பந்தில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்கள் இங்கே காலையில் வரும். கெலுகோரில், நம்மூர்ப் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் நான் சாப்பிடும் கடையில் ஒன்பது மணிக்கு டிவி முன்னால் பத்துப் பேர் கத்திக்கொண்டிருப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் முடிவைப் பற்றி ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். வேலைக்குப் போனவர்கள் மாலையில் மறுஒளிபரப்பு பார்க்க வருவார்கள். அதுவரை ஸ்கோர் சொல்லக்கூடாது என்பது கடையின் சட்டம். நான் வளர்ந்த திருச்சித் தெருவில் ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் அவளுக்குத் தெரிவதற்கு முன்பே எதிர்வீட்டுக்குத் தெரிந்துவிடும். அங்கிருந்து வந்த எனக்கு இந்தச் சட்டம் வினோதமாகத்தான் இருந்தது.

நான் பல்கலைக்கழக ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் கைப்பேசியில் ஆட்டத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, மாலையில் பேச்சுக்காகவே கடைக்குப் போவேன். பேச்சுத்துணை அல்போன்ஸ் அண்ணன். பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்; இந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு 'லா' சேர்ப்பவர். இந்த வருடம் அரையிறுதித் தொடரின் ஏழு ஆட்டங்களில் ஆறு முடிந்து மூன்றுக்கு மூன்று என்று நின்றபோது எங்களுக்குள் சண்டை முற்றியது. ஒரு பக்கம், கோப்பைகள் வாங்கிச் சலித்த மூத்த வீரர். கடையில் அவர் பெயர் 'கிழவன்'. மறுபக்கம் 'நெட்டையன்'. வருடம் முழுக்க அள்ளிப் போடுவான், பிளேஆஃபில் தடுமாறுவான் என்று பெயர் வாங்கியவன்.

"பெரிய மேட்ச்சு வந்தா அவன் காணாமப் போயிடுவான் லா. கிழவன் அப்படியில்ல தங்கச்சி, கிழவனுக்கு நெஞ்சுல தைரியம் இருக்கு."

"கிழவன் விட்டா களைப்புன்னு சொல்றீங்க, நெட்டையன் விட்டா பயம்னு சொல்றீங்க. என்ன நியாயம் அண்ணே இது? நெட்டையன சுத்தி மூணு பேர் நிக்கிறாங்க. கிழவனுக்கு வெளியிலேர்ந்து போட நாலு பேர் இருக்காங்க. அதையும் பாருங்க."

என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு முன் திருச்சியில் கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப்போட்டியில் ஆடினேன். எங்கள் அணியின் பாதிப் புள்ளிகள் நான் போட்டவை. கடைசி நொடியில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது; யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று போடலாம், ஒன்றுக்கு ஒரு புள்ளி. இரண்டையும் விட்டேன். அந்தப் பாதிப் புள்ளிகள் யாருக்கும் நினைவில்லை; அந்த இரண்டு மட்டும் ஊரில் நிலைத்துவிட்டது. என் கல்யாணத்தில் மாலை மாற்றும்போது, "இதையாவது சரியாப் போடும்மா" என்று ஒருவர் குரல் கொடுத்தார். மண்டபமே சிரித்தது, நானும் சிரித்தேன். பினாங்கில் வேலை கிடைத்தபோது சம்பளத்தைவிட, இதையெல்லாம் அறியாத ஊருக்குப் போகிறோம் என்பதுதான் பெரிய நிம்மதி. அதனால் இந்தக் கடையில் ஐந்து வருடமாக நான் பந்தைத் தொட்டவள் என்றுகூடச் சொன்னதில்லை.

ஏழாவது ஆட்டம். இரண்டு புள்ளி பின்தங்கிய நிலையில், கடைசி நொடியில் நெட்டையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது, இரண்டாவது விழவில்லை. ஆய்வகத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மாலையில் ஒன்றும் தெரியாதவள்போல அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுஒளிபரப்பில் நெட்டையன் கோட்டருகே வந்து நின்றதும் என்னால் பார்க்க முடியவில்லை. கை கழுவுகிற சாக்கில் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது ஆட்டம் முடிந்திருந்தது.

"தட்டுல பாதி ரொட்டி கெடக்கு, நீ கை கழுவப் போற. அப்பவே தெரிஞ்சுபோச்சு லா. வாயால சொல்லல, காலால சொல்லிட்ட" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "அமெரிக்காக்காரன் தோத்ததுக்கு நீ ஏன் அழுவுற?"

திருச்சி இறுதிப்போட்டியைச் சொல்லிவிட்டேன். சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"நில்லு. நீ ஃபைனல் ஆடுனியா?"

"ரெண்டையும் விட்டேன்னு சொல்றேன் அண்ணே."

"அது கேட்டுச்சு லா. ஃபைனல் ஆடுனியா இல்லையா?"

"ஆடுனேன்."

"அடேங்கப்பா! அஞ்சு வருஷம் பக்கத்துல ஒக்காந்து சாப்புடுற, சொல்லவே இல்ல பாரு!"

மறுநாளிலிருந்து கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அறிமுகம் நடந்தது. "இவங்க யாருன்னு தெரியுமா? தமிழ்நாட்டுல ஃபைனல் ஆடுனவங்க." எனக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பாதியை மறைத்து வாங்கிய பெயர் போலவும் உறுத்தியது. தனியாக இருந்தபோது கேட்டேன்.

"நான் விட்டத ஏன் அண்ணே யார்கிட்டயும் சொல்லல?"

"ஸ்கோர் சொல்லக்கூடாதுன்னு நம்ம கடையில ரூல் இருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை உறிஞ்சினார்.

இறுதித் தொடரின் முதல் ஆட்டம். மாலையில் கடை வாசலில் நிற்கும்போது திருச்சியிலிருந்து தம்பி செந்தில் அழைத்தான். "என்னக்கா, ஒன் ஆளும் ஒன்ன மாதிரியே கோட்ட விட்டுட்டானாமே?" சுருக்கென்றது. ஆனால் அன்று கல்லூரி மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தியவன் அவன். நான் ஆடியதைக் கண்ணால் பார்த்த ஒருவர்கூட இந்த ஊரில் இல்லை. என்னைக் கேலி செய்கிறவர்களுக்குத்தான் என் ஆட்டமும் தெரியும்.

"அந்த மேட்ச்சுல நான் மொதல்ல போட்ட பந்து ஞாபகம் இருக்காடா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம? எடது பக்கத்துலேர்ந்து போட்டியே..." என்று அவன் ஆரம்பித்தான். உள்ளே அல்போன்ஸ் அண்ணன் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஃபைனல் பிளேயர், வா லா, ஆரம்பிச்சிருச்சு" என்று கையாட்டினார். போனைக் காதிலிருந்து எடுக்கவும் மனமில்லை, அந்த நாற்காலியை வேறு யாருக்கும் விடவும் மனமில்லை. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.