கல்மழையில் கூப்பிட்ட குரல்

எங்கள் கூரையில் முதல் கல் விழுந்தபோது வீட்டில் நானும் அப்பாவின் கல்யாணமாகாத தங்கையான அத்தையும் மட்டும்தான் இருந்தோம். எனக்கு ஏழு வயது. அம்மா செனவாங் பேக்டரியில் வேலையாக இருந்தார். தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரான அப்பா செம்பனைக் காட்டில். ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் மழைக்கு எப்போதும் பஞ்சமில்லை. ஆனால் வானம் கல்லெறிந்து அதுவரை நான் பார்த்ததில்லை. வீட்டின் மேல் கல்லெறிவது குட்டிச்சாத்தான் என்று பள்ளி வேனில் கேள்விப்பட்டிருந்ததால், அத்தையின் கைலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"ஐஸ்தான் புள்ள, பயப்படாத லா," என்று அத்தை வாசலில் ஒன்றைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். ஐஸை வானத்துக்கு யார் கொண்டுபோனார்கள் என்பது என் அடுத்த பயமானது.

அப்போதுதான் பின்பக்கச் செம்பனைகளுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல் அத்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

பதில் கொடுக்கப்போன அத்தையின் வாயை எட்டிப் பொத்தினேன். காட்டுக்குள்ளிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது தடவைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். பேய்க்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட வராது. முந்திக்கொண்டு வாயைத் திறந்தால் ஆளையே கொண்டுபோய்விடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அத்தைதான்.

குரல் இன்னொரு தடவை வந்தது. பிறகு தகரக் கூரையின் சத்தம் மட்டும். காத்திருந்தோம். மூன்றாவது தடவை வரவே இல்லை. அப்படியென்றால் பேயேதான்.

அத்தையோ பெரிய அலுமினியச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "தோ வர்றேன்!" என்று கத்தியபடி வெளியே ஓடினார். பேய்க்குப் பதில் சொல்லிவிட்டார், இனி எனக்கு அத்தை இல்லை என்று கதவைக் கட்டிக்கொண்டு அலறினேன். சட்டியில் கல் விழும் சத்தம் தூரமாகிக்கொண்டே போய், அதுவும் நின்றது.

திரும்பி வந்தபோது ஓர் ஆளைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். நான் முதலில் அந்த ஆளின் காலைத்தான் பார்த்தேன். தரையில் பட்டது. அது செம்பனைப் பழ லாரி ஓட்டும் அண்ணன். பழக் குலைகளை மூடிய வலையை இழுத்துக் கட்ட இறங்கியவரின் மேல் செம்பனை மட்டை முறிந்து விழுந்து, நெற்றி கிழிந்திருந்தது. மூன்றாவது தடவை கூப்பிட அவருக்கு மூச்சில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் லாரியை நிறுத்தவே கூடாது என்று அப்பா அவரிடம் ஒருநாள் சத்தம் போட்டிருந்தார். காயப்போட்ட துணியில் புழுதி படிவதற்காக என்று நினைத்திருந்தேன்.

அத்தை ஒரு கையால் அவர் நெற்றியைத் துணி வைத்து அழுத்தினார். மறு கையால் என்னை அணைத்துக்கொண்டார். மழை விட்டது. ரோட்டில் அப்பாவின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது.

"அப்பா வந்துட்டாரு அத்த, இனிமே பயமில்ல," என்றேன்.

அதுவரை நடுங்காத அத்தையின் கை என் தோளில் நடுங்கத் தொடங்கியது. பேய் இல்லையென்று தெரிந்த பிறகு எதற்கு நடுங்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.