உர்மத்தின் கறுப்புக் குதிரை

குதிரையேறுகிறவன் நெஞ்சில் ஆக்‌ஷன் கேமராவைக் கட்டிக்கொண்டால் என்ன பதிவாகும்? குதிரையின் கழுத்து, இரண்டு காது, குலுங்குகிற பனி. மூன்று மணி நேரமும் இதுதான். இதைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டு, "என்னை வீரனா காட்டு" என்பார்கள். நரின் என்ற மலையூரில் ஆறு வருஷமாக ஐசால்கினுக்கு இதுதான் பிழைப்பு.

முதலில் குலுக்கலை அடக்குவாள். வில்லாக வளைந்து நிற்கும் அடிவானத்தை நிமிர்த்துவாள். பிறகு பனி. அந்தக் கேமராவுக்குப் பனி என்றாலே நீலம். அதை வெள்ளையாக்கிவிட்டால் மற்ற நிறங்கள் தானாக வழிக்கு வரும். ஆனால் கோழை வழிக்கு வரமாட்டான். குதிரைமேலிருந்தே, வெட்டிய ஆட்டின் உடலைப் பிடுங்கிப்போய் எதிரணிக் குழியில் போடுகிற கோக்-போரு ஆட்டத்தில், முக்கால்வாசிப் பேர் கூட்டத்தின் ஓரத்திலேயே சுற்றிவிட்டு வீடு திரும்புகிறவர்கள். படத்தை வெட்ட வெட்ட அவளுக்கு அது தெரிந்துவிடும்.

அவர்களில் முதல் ஆள் அவள் முதலாளி உர்மத். ஸ்டூடியோ அவனுடையது, தொப்பி புதுசு, குதிரை பளபளக்கும் கறுப்பு. ஆட்டுடலைத்தான் ஒருநாளும் தொட்டதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் மாகாண அணியில் ஓர் இடம் காலியானது. ஆளுக்கு இரண்டு நிமிஷப் படம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னார்கள். உர்மத்தோடு ஊர் அணியில் ஆடும் ஜிர்கல்பெக் தன் கேமரா கார்டை ஐசால்கினிடம் கொடுத்துவிட்டுப் போனான். மூன்று பேரை இடித்துத் தள்ளி ஆட்டைக் குழியில் போட்ட காட்சி அதில் இருந்தது.

உர்மத் அதைப் பார்த்தான். "இதை என் படத்துல சேர்த்துடு."

"இது ஜிர்கல்பெக் அண்ணனோடது. அவர் குதிரை செவலை, அண்ணே. உங்களுது கறுப்பு."

"அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கேன்? கறுப்பாக்கு. நெஞ்சுல கட்டின கேமராவுல மூஞ்சியா தெரியப்போகுது?"

"அவர் நம்பிக் குடுத்துட்டுப் போனாரு. அப்ப அவருக்கு?"

"வேற ஏதாவது துண்டை ஒட்டு. நீ நிறம் போடுறவ. நியாயம் போடுறவ இல்ல."

ஐசால்கின் நிறம் போட்டாள். செவலைக் கழுத்தை ஃபிரேம் ஃபிரேமாகக் கறுப்பாக்கினாள். உர்மத் இரண்டு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து, பொரித்த மாவுத் துண்டை டீயில் முக்கித் தின்றுகொண்டே, "இங்க பாரு, பிடரியில இன்னும் சிவப்பு" என்று விரல் நீட்டினான். அந்த விரலுக்கு ஓர் அங்குலம் மேலே, ஒவ்வொரு ஃபிரேமிலும், செவலையின் இடது காது பாதியோடு நின்றது. குட்டியாக இருந்தபோது குளிரில் உறைந்து உதிர்ந்த காது. ஊருக்கே தெரியும். அதே அணியில் இரண்டு வருஷம் கூடவே ஓடிய உர்மத்துக்குத் தெரியாது. தன்னைத் தவிர எதையும் பார்க்காதவனுக்கு எப்படித் தெரியும்? ஐசால்கின் அந்தக் காதையும் கறுப்பாக்கினாள்; அதன் வடிவத்தை மட்டும் தொடவில்லை.

விளையாட்டு அலுவலகத்தில் உர்மத்தின் படம் ஓடியது. ஆட்டுடல் குழியில் விழுந்ததும் மாகாண அணியின் பயிற்சியாளர் தோக்தோசுன் நிறுத்தச் சொன்னார்.

"குதிரை யாருது?"

"என்னோடதுதான், அண்ணே. வெளிய கட்டியிருக்கேன்."

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார்.

"படத்துல அரைக் காது. வெளிய ரெண்டும் முழுசு. ராத்திரியோட ராத்திரியா முளைச்சிடுச்சா?"

அறை அதிரச் சிரித்தார்கள். "தம்பி, எனக்கும் தலையில கொஞ்சம் முடி முளைக்க வையேன்!" என்றார் ஒரு வழுக்கையர்.

படத்தை ஓட்ட வந்திருந்த ஐசால்கின் எழுந்து, நிறம் மாற்றாத மூலப் படத்தைப் போட்டாள். செவலைக் குதிரை, நீலப் பனி, அரைக் காது. கடைசி வரிசையில் இருந்த ஜிர்கல்பெக்கைத் தோக்தோசுன் கைகாட்டி முன்னால் கூப்பிட்டார்.

வாசலில் உர்மத் பல்லைக் கடித்தான். "காதைப் பார்த்தும் சொல்லலையா நீ?"

"நீங்க நிறம்தானே போடச் சொன்னீங்க."

"நாளையிலேருந்து வராதே!"

"சரிண்ணே" என்று ஸ்டூடியோ சாவியை அவன் கையிலிருந்த புதுத் தொப்பிக்குள் போட்டுவிட்டு நடந்தாள். பின்னால் கறுப்புக் குதிரை தன் இரண்டு காதையும் ஆட்டிக்கொண்டு நின்றது. முதலாளியை விட அதுவே மேல் என்று அவளுக்குத் தோன்றியது. அது யாரிடமும் தன்னை வேறு குதிரையாகக் காட்டச் சொல்லவில்லை.