பதினோரு சைகைகளும் ஒரு தாம்பாளமும்

2020 மார்ச் 24 அன்று, வீரலட்சுமிக்குத் தன் மகளிடம் காட்டத் தெரிந்த சைகைகள் மொத்தம் பதினொன்று. வா, போ, சாப்பிடு, குளி, தூங்கு, தண்ணீர் எடு, மாட்டைக் கட்டு, சும்மா இரு என்று எல்லாமே ஏவல். கேள்வி ஒன்றுகூட இல்லை. மகள் ஜோதிகாவுக்கு அப்போது பதினேழு நடந்துகொண்டிருந்தது.

பிறவியிலேயே காது கேளாத பிள்ளை. ஆறு வயதில் மதுரைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அதற்கு முன்பு பார்த்த டாக்டர் ஒருவர், "கையில பேச விட்டா வாயில பேச்சு வராது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பிள்ளை கையைத் தூக்கினாலே வீரலட்சுமி அடித்து இறக்கினாள். வாயிலும் பேச்சு வரவில்லை. விடுமுறைக்கு வந்தால் பத்து நாள் மூலையில் உட்கார்ந்துவிட்டுப் போகும். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டும். தங்கமான பிள்ளை என்று கமுதிப் பக்கத்து அந்தக் கிராமமே மெச்சியது.

ஊரடங்கில் விடுதியைப் பூட்டினார்கள். களத்தில் மிளகாய் காய்ந்து கிடந்தது. வாங்க ஆள் வரவில்லை. வீட்டுக்குள் மூன்று பேர்.

ஏப்ரலில் ஒரு மதியம், ஜோதிகா தன் அப்பா நாகநாதனின் போனில் விடுதித் தோழி சிநேகாவோடு வீடியோவில் இருந்தாள். சாக்கு எடுக்க வந்த வீரலட்சுமி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். மகளின் இரண்டு கைகளும் பறந்தன. புருவம் கேள்வி கேட்டது, உதடு கேலி பேசியது. இடுப்பில் கை ஊன்றி, முந்தானையை உதறி யாரையோ நடித்துக் காட்ட, அந்தப் பக்கம் சிநேகா விழுந்து விழுந்து சிரித்தாள். நடித்தது தன்னைத்தான் என்று வீரலட்சுமிக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. இப்படி ஒரு வாயாடி தன் வீட்டில் இருப்பது இத்தனை வருடம் தெரியவில்லையே! முதலில் வெட்கம்தான் வந்தது. ஆத்திரம் பிறகு வந்தது.

மறுநாள் மகள் எதிரே போய் உட்கார்ந்தாள். 'சொல்லிக்கொடு' என்று கேட்கவும் சைகை தெரியாது. மகளின் கையைப் பிடித்துத் தன் கைமேல் வைத்தாள்.

ஜோதிகா வாத்தியாரம்மாவாகவே மாறிவிட்டாள். கிழித்த காலண்டர் தாளின் பின்னால் சொல்லை எழுதுவாள். வீரலட்சுமி கையில் காட்ட வேண்டும். தப்பாகக் காட்டினால் கையில் பட்டென்று ஓர் அடி. ஒரு காலத்தில் தான் கொடுத்த அடிதானே என்று வீரலட்சுமி வாங்கிக்கொண்டாள். வெளிறிய மிளகாயைப் பொறுக்கி ஒதுக்கும் வேலையில் இரண்டு கையும் சிக்கிக்கொள்வதால், ஒரு சுளகு முடிந்ததும் ஐந்து சொல் என்று கணக்கு. மிளகாய்க் கையோடு முகத்தருகே ஒரு சைகை காட்டப் போய், கண் எரிந்து அலறிய நாளும் உண்டு.

"ஆத்தாளும் மகளும் வீட்டுக்குள்ள கூத்துக் கட்டுறீகளா?" என்று நாகநாதன் சிரித்தான்.

ஆடி மாதத்துக்குள் வீரலட்சுமிக்குக் கையால் கேள்வி கேட்க வந்துவிட்டது. பதில்கள்தான் சுட்டன.

"உன்னய விடுதியில விட்டுட்டு வந்தப்ப என்ன நெனச்ச?"

"என்னைய யாருக்கோ குடுத்துட்டீகன்னு. வெள்ளிக்கிழமை தோறும் துணிய மடிச்சு வச்சுக்கிட்டு வாசல்ல உக்காந்திருந்தேன்."

"எது சொன்னாலும் ஏன் தலையாட்டுற?"

"ஆட்டினாத்தான விடுறீக."

அன்று வீரலட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது? டாக்டர் மேலா, தங்கமான பிள்ளை என்ற ஊர் மேலா, பதினோரு ஏவலோடு நிறுத்திக்கொண்ட தன் மேலா? எல்லார் மேலும் கோபப்பட்டாள்.

தை பிறந்தது. 2021 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை. நாகநாதனின் அக்காள் சோணையம்மாள், மகன் முனீஸ்வரனையும் கூட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்கு பழத் தாம்பாளத்தோடு பெண் கேட்டு வந்து இறங்கினாள். சித்திரையில் ஜோதிகாவுக்குப் பதினெட்டு முடிகிறது. மறுவாரமே தாலி என்றாள். அந்தப் பக்கத்தில் தாம்பாளம் கைமாறிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு மறுத்தால் இரண்டு வீட்டுக்கும் காலத்துக்கும் பகை.

சோணையம்மாள் ஜோதிகாவின் முகத்தருகே போய்க் கத்தினாள். "ஏத்தா, என் வீட்டுக்கு மருமகளா வாரியா?"

ஜோதிகா தலையை ஆட்டினாள்.

"பாத்தியாலே தம்பி! கேட்ட வாய் மூடுறதுக்குள்ள சரின்னுட்டா. எதுத்து ஒரு வார்த்தை பேசாத மருமக எவளுக்குக் கெடைப்பா?"

வந்தவர்கள் சிரித்தார்கள். நாகநாதன் துண்டைச் சரிசெய்துகொண்டு தாம்பாளத்துக்குக் கை நீட்டினான்.

"தட்டத் தொடாதீக" என்றாள் வீரலட்சுமி.

மகளின் முன் வந்து நின்று, நடப்பது என்னவென்று கையால் சொன்னாள். ஜோதிகாவின் முகம் மாறியது. தாம்பாளத்தைப் பார்த்தாள், முனீஸ்வரனைப் பார்த்தாள். பிறகு கைகள் வேகமெடுத்தன. வீரலட்சுமி அதை வாயால் எடுத்துச் சொன்னாள்.

"இது பொண்ணு கேக்குற பேச்சுன்னே அவளுக்குத் தெரியல. பொங்கச் சீர் கொண்டாந்திருக்கீகன்னு நெனச்சிருக்கா. படிக்கணுங்கிறா. அத்தானுக்கு என்கூடப் பேசத் தெரியுமான்னு கேக்குறா."

முனீஸ்வரன் தன் அம்மாவைப் பார்த்தான்.

"அவ சொல்றாளா, நீயாச் சொல்றியா?" என்று சீறினாள் சோணையம்மாள். "இந்தக் கையாட்டத்துக்கெல்லாம் யாருடி சாட்சி?"

"சாட்சியா மதினி? மாசக்கணக்கா நீங்களும் வீட்டுக்குள்ளதான அடஞ்சு கெடந்தீக? மருமக பேச்சுல நாலு வார்த்தை படிச்சுட்டு வந்திருந்தா, அவளையே கேட்டுக்கலாமே! கேக்கணும்னே உங்களுக்குத் தோணல. அவ மண்டைய ஆட்டினாப் போதும் உங்களுக்கு. இந்த வீட்டுல எல்லாருக்கும் அதுதான் போதும்னு இருந்துச்சு. எனக்கும்."

நாகநாதனின் கை நீட்டியபடியே நின்றது. ஜோதிகா குனிந்து தாம்பாளத்தை எடுத்தாள். இரண்டு கையாலும் அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, 'மாட்டேன்' என்று தலையை இடவலமாக அசைத்தாள். நாகநாதன் கையை மடக்கிக்கொண்டான்.

சோணையம்மாள் காபி குடிக்காமல் கிளம்பினாள். நாகநாதன் இரண்டு நாளாக மனைவியிடம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஜனவரி 19, ஜோதிகா படிக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. கமுதியிலிருந்து மதுரைக்குப் போகும் முதல் பேருந்தில் தாயும் மகளும் ஏறினார்கள்.