மாநிறம் என்றால் எந்த மாவின் நிறம்

படம் எடுப்பவர் கமெராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டு, "தங்கச்சி, அந்த ஷோலைக் கழுத்தைச் சுத்திப் போடுங்கோ. லைட்டுக்கு வித்தியாசம் தெரியுது" என்றார்.

என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் மச்சாளின் கலியாண வரவேற்பு. மேடையேற வரிசையில் நின்ற சொந்தக்காரர் எல்லாரும் ஒரே நேரத்தில் என் கழுத்தைப் பார்த்தார்கள். நான் வரிசையை விட்டு, கை கழுவும் அறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். முகம் ஒருத்தியுடையது, கழுத்து வேறொருத்தியுடையது. தாடைக்குக் கீழே இரண்டையும் பிரித்துக்கொண்டு ஒரு கோடு.

எனக்கு யோசனை வந்தது அங்கேதான். இந்த வேலையை நானே பழகுவேன். என் கைக்கு எட்டுகிற மலிவுச் சாமானை வைத்தே பழகுவேன். பழகி, இந்தக் கோட்டைக் கீறியவரின் கதிரைக்கு ஆள் வராமல் செய்வேன்.

கீறியவர் வேறு யாருமில்லை, என் மாமி. அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தன் ஃபிளட்டின் முன்னறையை சலூன் ஆக்கி வைத்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கலியாணம், பிள்ளை பெரியவளாகிற சாமத்தியம், எழுத்து என்று எது நடந்தாலும் பெண்கள் அந்தக் கதிரையில் போய் இருந்துதான் எழும்ப வேண்டும். சுவரில் அவருடைய மகளின் சாமத்திய வீட்டுப் படம் பெரிதாகத் தொங்குகிறது. முகம் மட்டும்தான். கழுத்து தெரியாமல் வெட்டிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்று காலை கதிரையில் இருந்தபோது நான் பவ்வியமாகத்தான் சொன்னேன். "மாமி, எனக்கு மாநிறம். அதுக்கேத்த மாதிரிப் போட்டு விடுங்கோ."

மாமி என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "மாநிறம் எண்டுறது சும்மா ஆறுதலுக்குச் சொல்லுறது, பிள்ளை. பொறும், நான் உம்மை உண்மையாவே மா நிறம் ஆக்கி விடுறன்."

அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மா என்றால் எங்கள் வீடுகளில் இடியப்பத்துக்குக் குழைக்கிற வெள்ளை மா. அம்மாவும் சிரித்தார். மாமி சொன்னதைவிட அம்மா சிரித்ததுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

படங்கள் குடும்ப வட்ஸ்அப் குரூப்புக்கு வந்தன. கனடாவிலிருந்து பெரியம்மா, "சின்னவள் நல்லா வெளிச்சிட்டாள், என்ன கிறீம் பூசுறாள்?" என்று கேட்டு ஒரு இதயமும் போட்டார். என் அண்ணாவுக்கு அது போதவில்லை. சாப்பாட்டு மேசையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான்.

"மேல கோதம்ப மா, கீழ குரக்கன் மா. ஒரே ஆளில ரெண்டு புட்டு."

நான் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினேன். அம்மா கையைப் பிடித்துவிட்டார். ஆனால் அந்த வசனம் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குரக்கன், அதாவது கேழ்வரகு, அதுவும் மா தானே? மாநிறம் என்றால் மாவின் நிறம் என்று மாமி சொல்வதானால், எந்த மா என்று யார் முடிவெடுத்தது?

அவசரத்துக்குக் காரணம் அக்கா. அக்காவுக்கும் என் நிறம்தான். அவளுக்குக் கலியாணம் பொருந்தி, எழுத்துக்கு, அதாவது பதிவுக்கு, நாளும் குறித்தாகிவிட்டது. அம்மா வழக்கம்போல மாமியிடம் சொல்லி வைத்துவிட்டார். அக்கா சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. "கழுத்து நிறைய ஒரு அட்டியலைப் போட்டா மறைஞ்சிடும்" என்றாள். தன்னுடைய எழுத்தன்று தன் கழுத்தை மறைக்க வழி தேடிக்கொண்டிருந்தாள். நான் அம்மாவிடம் போய், எழுத்துக்கு அக்காவை நானே மேக்கப் செய்து வெளிக்கிடுத்துகிறேன் என்றேன்.

"மாமி கோவிப்பா."

"கோவிக்கட்டும்."

"உனக்கு ஒழுங்கா மை கீறவே தெரியாது. முதல் உன்ர முகத்தில செய்து காட்டு. பிறகு பாப்பம்."

அந்தப் 'பிறகு பாப்பம்' போதும் எனக்கு.

முதலில் இணையத்தில் தேடினேன். தொடங்குகிறவர்களுக்கு என்று சொல்லிவிட்டு ஒவ்வொருத்தியும் மேசை நிறையப் போத்தல்களைப் பரப்புகிறாள். அவர்கள் குளிரூட்டிய அறையில் இருந்து கதைக்கிறார்கள். அவ்வளவையும் பூசிக்கொண்டு மத்தியானம் காலி வீதியில் ஒரு பஸ் ஏறினால், பம்பலப்பிட்டி வர முன்னம் எல்லாம் ஒன்றாய்க் கலந்து சட்டைக் கழுத்தில் இறங்கிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிற காசுதான் என்னிடம் இருக்கிறது. ஆகவே ஒன்றை மட்டும் முடிவெடுத்தேன். முகத்தின் நிறத்தோடு சேருகிற ஃபவுண்டேஷனைச் சரியாக எடுப்பது. மற்றதெல்லாம் மலிவிலும் மலிவு. ஒரு செங்கல் நிற லிப்ஸ்டிக் உதட்டுக்கும் கன்னத்துக்கும் போதும். பிரஷ்ஷுக்குப் பதில் விரல்.

வெள்ளவத்தையில் ஒரு கடைக்குப் போனேன். விற்கிற பெண் என் முகத்தைப் பார்த்த உடனேயே தட்டின் இடது ஓரத்துக்குப் போய்விட்டாள். அங்கேதான் வெள்ளை வகைகள்.

"மிஸ்ட்ட சுது பாட்டக் ஹொந்தய்" என்றாள் சிங்களத்தில். எனக்கு வெள்ளை நிறம்தான் நல்லதாம்.

"எபா. மகே பாட்ட தென்ன" என்றேன். வேண்டாம், என் நிறத்தைத் தாருங்கள்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு என் புறங்கையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். கடையின் டியூப் லைட்டில் அது கையோடு நன்றாகவே சேர்ந்தது. வாங்கி வந்து முகம் முழுக்கப் பூசினேன். அரை மணித்தியாலம் கழித்து அறைக்குள் வந்த அண்ணா வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இது என்ன மா? கடலை மாவோ?"

கண்ணாடி பொய் சொல்லவில்லை. செம்மஞ்சளாய் இருந்தேன். கை வெயிலில் திரிகிற உறுப்பு, முகத்தின் நிறம் அதற்கு இல்லை. போதாததற்கு இந்தச் சாமான் பூசிக் கொஞ்ச நேரத்தில் காற்றுப் பட்டு ஒரு படி கறுக்கும். இதை எந்தப் பெட்டியிலும் எழுதவில்லை. மாமிக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்துகொண்டுதான் இத்தனை வருடமும் எல்லாருக்கும் ஒரே போத்தலால் பூசியிருக்கிறார் என்று நினைத்தபோது என் கோபத்துக்கு இன்னொரு கால் முளைத்தது.

அடுத்த முறை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இந்தியச் சாமான் விற்கிற சின்னக் கடை ஒன்று அங்கே இருப்பதாக, கூடப் படிக்கிற ஒருத்தி சொல்லியிருந்தாள். நம்மைப் போன்ற நிறங்கள் அந்தப் பெட்டிகளில்தான் அதிகம், விலையும் பாதி. கடைக்கார அண்ணன் நான்கு போத்தலை எடுத்து வைத்தார். நான் தாடை ஓரத்தில், கன்னமும் கழுத்தும் சந்திக்கிற இடத்தில், பக்கம் பக்கமாக நாலு கோடு கீறிவிட்டு, "அண்ணா, நான் வெளியில போய் வெயிலில பாத்திட்டு வாறன். கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன்.

"வெயில்ல பாத்துட்டு வர்றேன்னு போனவங்க எத்தன பேரு திரும்பி வரல தெரியுமா தங்கச்சி?"

"நான் போத்தலைக் கொண்டு போகேல்லையே."

"முகத்துல கொண்டு போறீங்கல்ல."

கடைசியில் என் குடையைப் பணயமாக வாங்கி வைத்துக்கொண்டுதான் விட்டார். குடை தேவைப்படுகிற வெயிலில் குடை இல்லாமல், கன்னத்தில் நாலு கோடோடு கோயில் வீதிப் பக்கம் நடந்தேன். எதிரே வந்த ஓர் அம்மா நின்று, "என்ன பிள்ளை, திருநீறைக் கன்னத்திலயா பூசுறது?" என்று கேட்டார். புது வழக்கம் என்றேன். ஒரு கோப்பி குடித்தேன். பிறகு கைபேசியைத் தூக்கி வெயிலில் பார்த்தேன். முதலாவது கோடு வெள்ளையாகவே நின்றது, மாமிக்குப் பிடித்திருக்கும். இரண்டாவது சாம்பல். நாலாவது செம்மஞ்சளுக்கு மாறிவிட்டது. மூன்றாவதைக் காணவில்லை. விரலால் தடவிப் பார்த்தேன், ஈரப்பசை இருந்தது. அங்கேதான் இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை.

பெட்டியில் அந்த நிறத்துக்கு ஏதோ ஒரு பருப்பின் பெயர் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அந்தப் போத்தலை வாங்கி, குடையையும் மீட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்தப் பெயரைக் கீறி வெட்டிவிட்டு, மார்க்கரால் 'குரக்கன்' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு தினமும் பழகினேன். பூசிக்கொண்டு, சனம் நெரிகிற நேரம் பார்த்து பஸ்ஸில் ஏறி, எங்கே வழிகிறது என்று இறங்கிப் பார்ப்பேன். முதலில் மூக்கு. பவுடரை மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் ஒற்றினால் போதும் என்று அந்த பஸ்கள்தான் காட்டின. அக்காவின் தாடையில் வைத்தபோதும் மூன்றாவது கோடு காணாமல் போனது. அக்கா கண்ணாடியைக் கையில் வாங்கி, தாடையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அட்டியல் தேவைப்படாது போல" என்றாள்.

வத்தளையில் சொந்தக்காரர் ஒருவரின் வீடு குடிபூரல் வந்தது. மாமி வருவார் என்று எனக்குத் தெரியும். என் முகத்தில் குரக்கன், செங்கல் நிறம் கொஞ்சம், கண்ணுக்கு மை. கழுத்தை மறைக்க ஒன்றும் இல்லை, வேண்டுமென்றே அகலக் கழுத்துச் சட்டை போட்டிருந்தேன். மாமி பாற்சோற்றுத் தட்டோடு எங்களிடம் வந்தார்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு முகத்துக்கு ஒண்டும் போடேல்லையே? ஆனா நல்லா இருக்கிறீர். நித்திரை வடிவா வருது போல."

நான் இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பஸ் ஏறினேன்.

"போட்டிருக்கிறன் மாமி."

"எங்க?"

"முகம் முழுக்க."

மாமி தாடையைப் பிடித்துத் திருப்பினார். அதே பிடி. ஜன்னல் வெளிச்சத்தில் கோட்டைத் தேடினார். தொழில் தெரிந்த கண் அது, நான் பொய் சொல்லவில்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது.

"என்ன ஷேட் இது?"

"மா நிறம்தான் மாமி. நீங்க சொன்னதுதான். குரக்கன் மா."

அண்ணா பக்கத்தில் நின்றான். அவன் வாய்க்குள் பாற்சோறு இருந்ததால் சிரிப்பு மூக்கால் வந்தது. இந்த முறை அம்மா சிரிக்கவில்லை, என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வருகிற வழியில் ஓட்டோவுக்குள் அம்மா சொன்னார், "எழுத்துக்கு நீ செய். மாமியோட நான் கதைக்கிறன்." கலியாண நாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் வரும். எழுத்துப் படங்கள் குரூப்பில் விழட்டும்.

மாமி கோபித்துக்கொண்டார். அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, "ரோட்டுச் சாமானைப் பூசிப் பிள்ளையின்ர முகம் பொங்கப் போகுது, பிறகு என்னட்ட வராதேங்கோ" என்றாராம். நான் அக்காவின் காதுக்குப் பின்னால் பூசி, ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பொங்கவில்லை.

போன கிழமை என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. மாமியின் மகள். சுவரில் கழுத்தில்லாமல் தொங்குகிற அதே பிள்ளை.

"அக்கா, எழுத்துக்கு என்னையும் வெளிக்கிடுத்துவீங்களோ? அந்தக் குரக்கன் கலர் எனக்குச் சேருமோ தெரியாது. அம்மாட்டச் சொல்லாதேங்கோ."

படித்துவிட்டு முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, நல்ல சந்தோஷம் இல்லை. மாமியின் சொந்த வீட்டிலிருந்தே ஓர் ஆள் என் கதிரைக்கு வருகிறாள். பிறகு மறுபடியும் படித்தேன். 'சேருமோ தெரியாது' என்று எழுதியிருந்தாள். தாயே சலூன் வைத்திருக்கிறார், மகளுக்குத் தன் நிறம் எது என்று தெரியாது. அந்த இடத்தில் என் கோபம் கொஞ்சம் திசை மாறியது. குறையவில்லை. இப்போது அவளுக்கும் சேர்த்துக் கோபிக்கிறேன்.

வரச் சொல்லி எழுதினேன். அவள் என்னைவிட ஒரு படி கறுப்பு, ஆகவே என் போத்தல் அவளுக்குச் சரிவராது. நாளைக்குக் கொட்டாஞ்சேனைக்குப் போய் நாலாவதையும் அதற்கடுத்ததையும் வாங்க வேண்டும். இரண்டையும் கலந்தால் வறுத்த குரக்கன் மாவின் நிறம் வரலாம் என்று நினைக்கிறேன், வராமலும் போகலாம். சனிக்கிழமை காலை எங்கள் ஜன்னலோரக் கதிரையில் அவளை இருத்தி, தாடையில் கோடு கீறி, வெயில் ஏறும்வரை பார்க்கப்போகிறேன். சரிவந்தால் எழுத்தன்று, அகலக் கழுத்துச் சட்டையோடு, முன்வரிசையில் தாய்க்குப் பக்கத்தில் அவளை இருத்துவேன். படம் எடுப்பவரிடம் கழுத்தோடு சேர்த்து எடுக்கச் சொல்லுவேன்.