அமாவாசையில் பார்த்த வீடு

நண்பர்களே, வில்லியனூரில் நான் வாங்கிய வீட்டுக்கு இன்று காலைதான் குடிவந்தோம்.

அடுப்பில் பால் பொங்குவதற்குள் கொல்லைச் சுவர் அதிர்ந்தது. பின்பக்கத்து நெல் மில்லில் எஞ்சினைக் கிளப்பிவிட்டார்கள். பால் முழுக்க உமித்தூள்.

"இன்னாங்க இது, வூடா, நெல்லடிக்கிற களமா?" என்றாள் என் மனைவி.

வீட்டை விற்றவரிடம் ஆத்திரத்தோடு ஓடினேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்:

"மில்லு ஓடாதுன்னு நான் எப்பங்க சொன்னேன்? நல்ல நாளுன்னு அமாவாசைல வந்து வூட்டப் பாத்தீங்க. பத்திரமும் அடுத்த அமாவாசைலதான் எழுதணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. அமாவாசைன்னா மில்லு ஆளுங்களுக்கு வேல கெடையாது. அதுக்கு நான் இன்னா பண்றது?"

உண்மைதான். வீடு பார்த்த அன்றும், பத்திரம் முடித்துச் சாவி வாங்க வந்த அன்றும் மில் பூட்டிக் கிடந்தது. மூடிப்போன மில் என்று நானே முடிவு செய்துகொண்டு, "அடடா, என்ன அமைதி!" என்று அந்தக் கொல்லையில் நின்று சொன்னவனும் நான்தான்.

இதை எழுதும்போதும் மேசை ஆடுகிறது. கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது வீடு தேடினால் உடனே எழுதுங்கள். அமாவாசையன்று கூட்டி வாருங்கள். ரொம்ப நல்ல நாள்.